கிரேக்க தேவர்களும் நார்ஸ் தேவர்களும்: எங்கே குடியிருந்தார்கள், என்ன வேலை பார்த்தார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சினிமாவிலும் வீடியோ கேமிலும் ஜீயஸ், ஒடின், தோர் பெயர்களைக் கேட்டுவிட்டு, அசல் கதை என்ன என்று தேடுகிறவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இவை. கிரேக்கக் கதைகள் ஏறக்குறைய கி.மு. 8ஆம் நூற்றாண்டிலிருந்து ஹோமர், ஹெசியட் பாடல்கள் வழியாக நமக்குக் கிடைக்கின்றன. நார்ஸ் கதைகள் நார்வே, ஸ்வீடன், டென்மார்க், ஐஸ்லாந்து பகுதிகளில் கிறிஸ்தவம் பரவுவதற்கு முன் வழங்கியவை. இரண்டையும் புரிந்துகொள்ள நான் சொல்லும் வழி ஒன்றுதான்: அந்தத் தேவன் எப்படிப்பட்ட வீட்டில் இருக்கிறான் என்று முதலில் பாருங்கள். அவன் செய்யும் வேலை, அவனுடைய பயம், அவனுடைய முடிவு எல்லாம் அங்கேயே தெரிந்துவிடும்.

ஒலிம்பஸ் நிஜமான மலையா, கற்பனையா?

நிஜமான மலை. வடக்கு கிரேக்கத்தில் தெசலிக்கும் மாசிடோனியாவுக்கும் நடுவே நிற்கிறது. மிக உயரமான உச்சி மிட்டிகாஸ், சுமார் 2,918 மீட்டர். கடலுக்குப் பக்கத்திலிருந்தே எழும்புவதால் அதன் உயரம் முழுவதும் கண்ணில் படும், ஆனால் தலைப்பகுதி பெரும்பாலும் மேகத்துக்குள் இருக்கும். அந்த உச்சியில் மனிதர் முதன்முதலில் ஏறியதாகப் பதிவாகியிருப்பது 1913 ஆகஸ்ட் 2 அன்றுதான். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த பிரெடரிக் பொய்சொனா, டேனியல் போ-போவி இருவரும், உள்ளூர் வேட்டைக்காரர் கிறிஸ்டோஸ் காக்கலோஸ் வழிகாட்ட, மேலே போனார்கள்.

அதற்கு முன் அந்த மலைப்பக்கம் யாருமே போகவில்லை என்று நினைக்க வேண்டாம். பக்கத்திலேயே சற்றுத் தாழ்ந்த அகியோஸ் அந்தோனியோஸ் என்ற சிகரத்தில் சாம்பல், விலங்கு எலும்பு, மண்பாண்டத் துண்டு, காசு எல்லாம் கிடைத்திருக்கின்றன. அங்கே ஏறிப்போய்ப் பலி கொடுத்திருக்கிறார்கள். மலையடிவாரத்தில் டியோன் என்ற ஊர் ஜீயஸுக்கு உரியது, மாசிடோனிய அரசர்கள் வழிபட்ட இடம்.

ஹோமரிடம் ஒரு முரண்பாடு உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. ட்ராய்ப் போரைப் பாடும் அவருடைய இலியட் காவியத்தில் ஒலிம்பஸ் பனி மூடிய மலை. அவருடைய இன்னொரு காவியமான ஒடிஸியிலோ அங்கே காற்று அசைக்காது, மழை நனைக்காது, பனி விழாது, மேகமில்லாத வெளிச்சம் மட்டும் பரவியிருக்கும். முதலாவது, ஊர்க்காரர்கள் தினமும் பார்த்த மலை. இரண்டாவது, தேவர்களுக்கு எந்தக் கஷ்டமும் தட்டக்கூடாது என்று மனது கட்டிய வீடு. கிரேக்கர்கள் இரண்டையும் ஒரே பெயரில் வைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்தார்கள்.

தேவர்கள் எல்லாரும் ஒரே அரண்மனையிலா இருந்தார்கள்?

இல்லை. ஆளுக்கொரு வீடு. கால் ஊனமான கொல்லன் ஹெஃபேஸ்டஸ்தான் எல்லா வீடுகளையும் கட்டியவன். பகலில் ஜீயஸின் கூடத்தில் கூடுவார்கள். அங்கே சபை நடக்கும், சண்டை நடக்கும், விருந்து நடக்கும். அப்பல்லோ யாழ் வாசிப்பான், கலைத்தேவியர் பாடுவார்கள். பொழுது சாய்ந்ததும் அவரவர் வீட்டுக்குத் தூங்கப் போவார்கள். இலியட்டின் முதல் பகுதி இப்படித்தான் முடிகிறது. கீழே ட்ராய் நகரத்தின் முன்னால் கொள்ளைநோயில் மனிதர்கள் செத்து விழுந்திருக்கிறார்கள், மேலே சிரிப்பும் விருந்தும். அந்த இடத்தைப் படிக்கும்போது மனது ஒருமாதிரி ஆகிவிடும்.

ஒலிம்பஸின் வாசல்கள் மேகத்தால் ஆனவை. பருவங்களின் தேவியரான ஹோரைகள் அவற்றைத் திறந்து மூடுவார்கள். காவல்படையோ கோட்டையோ பற்றிய பேச்சே பெரிதாக இல்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அஸ்கார்டைப் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

வானம், கடல், பாதாளம் என்று பிரித்தது யார்?

சீட்டுப் போட்டுப் பிரித்தார்கள். குரோனஸின் மகன்கள் மூவரில் ஜீயஸுக்கு வானம், பொசைடனுக்குக் கடல், ஹேடிஸுக்குப் பாதாளத்தின் இருட்டு விழுந்தது. பூமியும் ஒலிம்பஸும் மூவருக்கும் பொது.

இதைச் சொல்கிறவன் பொசைடன், அதுவும் கோபத்தில். ட்ராய்ப் போரிலிருந்து விலகச் சொல்லி ஜீயஸ் ஆள் அனுப்புகிறான். "அவன் பங்கு அவனுக்கு, என் பங்கு எனக்கு, நான் ஏன் அவன் சொல்லைக் கேட்க வேண்டும்?" என்ற தொனியில் பதில் வருகிறது. கடைசியில் பொசைடன் பின்வாங்கினாலும், அண்ணன் தம்பிப் பாகப்பிரிவினையில் வரும் மனக்கசப்பு அத்தனையும் அந்தப் பேச்சில் இருக்கிறது. ஹோமர் அவனுக்குக் கடலாழத்தில், ஈகை என்ற இடத்தில், அழியாத பொன் மாளிகை ஒன்றைத் தருகிறார். ஒலிம்பஸில் உட்காரும் உரிமை இருந்தும் அவன் பெரும்பாலும் தன் இடத்தில்தான் இருப்பான்.

ஒலிம்பஸின் தலையாய தேவர்கள் பன்னிரண்டு பேர் என்கிறார்களே, யார் யார்?

ஜீயஸ், ஹீரா, பொசைடன், டெமிட்டர், அதீனா, அப்பல்லோ, ஆர்ட்டெமிஸ், ஏரிஸ், அஃப்ரோடைட்டி, ஹெஃபேஸ்டஸ், ஹெர்மிஸ். பன்னிரண்டாவது இடத்தில் சில இடங்களில் ஹெஸ்டியா, சில இடங்களில் டயோனிசஸ். பார்த்தினான் கோயிலின் கிழக்குச் சிற்ப வரிசையில் டயோனிசஸ் இருக்கிறான், ஹெஸ்டியா இல்லை. ஊருக்கு ஊர் பட்டியல் மாறும், எண்ணிக்கை மட்டும் மாறாது. ஏதென்ஸ் சந்தைவெளியில் கி.மு. 6ஆம் நூற்றாண்டின் கடைசியில் பன்னிருவருக்கு ஒரு பலிபீடம் வைத்தார்கள். ஊர்த் தூரங்களைக்கூட அங்கிருந்துதான் அளந்தார்கள்.

டயோனிசஸுக்காக ஹெஸ்டியா தன் ஆசனத்தை விட்டுக்கொடுத்தாள் என்ற கதை எங்கும் பரவியிருக்கிறது. பழைய கிரேக்க நூல்களில் அது இல்லை, பிற்காலத்து விளக்கம். ஹெஸ்டியாவைக் கதை இல்லாதவள் என்று ஒதுக்கவும் வேண்டாம். வீட்டு அடுப்பு நெருப்பு அவள்தான். ஊர்ப் பொது மண்டபத்திலும் அவளுக்கு அணையாத நெருப்பு உண்டு. புதிய ஊர் குடியேறப் போகிறவர்கள் அந்த நெருப்பிலிருந்து எடுத்துக்கொண்டு போவார்கள். அவள் எங்கும் போவதில்லை, அதனால் அவளுக்குச் சாகசக் கதையும் இல்லை.

ஒரு தேவனுக்கு ஒரே வேலைதானா? ஜீயஸ் இடி, அதீனா அறிவு, இப்படி?

பள்ளிப் புத்தக அட்டவணைகள் அப்படித்தான் சொல்கின்றன. நடப்பில் அப்படி இல்லை. ஜீயஸ் இடியும் மழையும் தருபவன். விருந்தாளியைக் காப்பவனும் அவன்தான், சத்தியத்துக்குச் சாட்சியும் அவன்தான், வீட்டு முற்றத்துப் பலிபீடத்தில் இருப்பவனும் அவன்தான். இன்னும் கீழே இறங்கி, வீட்டுச் சேமிப்பறையில் ஒரு ஜாடி வடிவில் உட்கார்ந்து சொத்தைக் காப்பவனும் அவனே. மலையுச்சியில் இருக்கும் அதே ஜீயஸுக்குத் தானிய அறையிலும் ஓர் இடம் உண்டு.

பொசைடனுக்குக் கடலோடு நிலநடுக்கமும் குதிரையும் உண்டு. அப்பல்லோ நோயை ஏவுவான், நோயை நீக்கவும் செய்வான். அதீனாவிடம் போர், நெசவு, நகரக் காவல் எல்லாம் இருக்கின்றன. தேவனின் வேலை என்ன என்று கேட்டால், எந்த ஊரில், எந்த வாசலில் என்று திருப்பிக் கேட்பதுதான் சரி.

ஹேடிஸ் கெட்டவனா? பாதாளம் நரகமா?

இரண்டும் இல்லை. ஹேடிஸ் கடுமையானவன், வளைந்து கொடுக்காதவன், ஆனால் தீமையின் தலைவன் அல்ல. செத்தவர்கள் எல்லாரும், நல்லவர் கெட்டவர் வித்தியாசமில்லாமல், நிழல்களாக அவனிடம் போகிறார்கள். ஸ்டிக்ஸ், அக்கரான் ஆகியவை அங்கே ஓடும் ஆறுகள். அக்கரான் என்ற பெயரில் கிரேக்கத்தின் எபிரஸ் பகுதியில் இன்றும் ஓர் ஆறு ஓடுகிறது.

அதற்கும் கீழே டார்டரஸ். வானத்திலிருந்து ஒரு வெண்கலப் பட்டடைக்கல்லைப் போட்டால் ஒன்பது நாள் விழுந்து பத்தாம் நாள் பூமிக்கு வரும், பூமியிலிருந்து இன்னொரு ஒன்பது நாள் விழுந்து பத்தாம் நாள் டார்டரஸை அடையும் என்கிறார் ஹெசியட். ஜீயஸிடம் தோற்ற முந்தைய தலைமுறைத் தேவர்களான டைட்டன்களை அங்கேதான் அடைத்திருக்கிறார்கள்.

ஸ்டிக்ஸ் ஆற்றின் பெயரால் தேவர்கள் சத்தியம் செய்வார்கள். அதை மீறினால் தேவனுக்கும் தண்டனை உண்டு: ஒரு வருடம் மூச்சுப் பேச்சில்லாமல் கிடக்க வேண்டும், அதன்பின் ஒன்பது வருடம் சபையிலும் விருந்திலும் இடமில்லை. பத்தாம் வருடம்தான் திரும்ப முடியும். சாகாத தேவர்களுக்கு விதிக்கக்கூடிய பெரிய தண்டனை வீட்டை விட்டு ஒதுக்கிவைப்பது.

ஒலிம்பஸில் வீடு இருக்கும்போது பூமியில் கோயில் எதற்கு?

கிரேக்கக் கோயில் மக்கள் கூடி வணங்கும் மண்டபம் அல்ல, தேவனின் சிலை இருக்கும் வீடு. பலிபீடம் வெளியே, பெரும்பாலும் கிழக்கு வாசலுக்கு எதிரே இருக்கும். பலி, கூட்டம், விருந்து எல்லாம் வெளியில் நடக்கும். கொழுப்பும் எலும்பும் நெருப்பில் வெந்து புகையாக மேலே போகும், இறைச்சியை மனிதர்கள் பகிர்ந்து சாப்பிடுவார்கள்.

ஏதென்ஸின் பார்த்தினான் கி.மு. 447இல் தொடங்கி 432இல் முடிந்தது. உள்ளே சிற்பி ஃபிடியாஸ் செய்த அதீனா சிலை, தங்கமும் தந்தமும் கொண்டு, சுமார் 12 மீட்டர் உயரம். அதிலிருந்த தங்கம் 40 டாலந்து, அதாவது ஓர் ஆயிரம் கிலோவுக்கு மேல். அவசரமானால் கழற்றிப் போருக்குச் செலவு செய்யலாம், பிறகு திருப்பி வைக்க வேண்டும் என்று ஏதென்ஸின் தலைவர் பெரிக்ளிஸ் ஊராரிடம் சொன்னதாக வரலாற்றாசிரியர் தூசிடிடிஸ் எழுதுகிறார். ஊரைக் காக்கும் தேவியின் வீடு ஊரின் கடைசிச் சேமிப்பாகவும் இருந்தது.

சில இடங்களில் தேவனின் வீடு என்பதை மிகக் கடுமையாகவே எடுத்துக்கொண்டார்கள். டீலோஸ் தீவு அப்பல்லோ பிறந்த இடம். கி.மு. 426இல் ஏதென்ஸ்காரர்கள் அந்தத் தீவிலிருந்த கல்லறைகளையெல்லாம் தோண்டி எடுத்து அகற்றினார்கள். இனி அங்கே யாரும் பிறக்கவும் கூடாது, சாகவும் கூடாது என்று விதித்தார்கள். பிரசவ நேரம் நெருங்கியவர்களையும் சாகக் கிடப்பவர்களையும் பக்கத்து ரெனேயா தீவுக்குக் கொண்டுபோனார்கள். சைப்ரஸின் பாஃபோஸில் அஃப்ரோடைட்டிக்கு மனித உருவச் சிலைகூட இல்லை, கூம்பு வடிவக் கல் ஒன்றையே வணங்கினார்கள்.

டெல்ஃபியில் அப்பல்லோவுக்குக் குறிசொல்லும் கோயில். குளிர்காலத்தில் அவன் வெளியூர் போய்விடுவான் என்றும், அந்த மூன்று மாதம் டயோனிசஸுக்கு உரியது என்றும் அங்கே பூசாரியாக இருந்த புளூட்டார்க் குறிப்பிடுகிறார்.

ஒலிம்பஸும் ஒலிம்பியாவும் ஒன்றுதானே?

இல்லை. ஒலிம்பியா தெற்கே பெலப்பனீசில் உள்ள சமவெளி ஊர். ஒலிம்பிக் போட்டி நடந்தது அங்கே, மரபுக் கணக்குப்படி கி.மு. 776 முதல். உட்கார்ந்த நிலையில் இருந்த புகழ்பெற்ற ஜீயஸ் சிலையும் அங்கேதான் இருந்தது. அது எழுந்து நின்றால் கோயில் கூரையைப் பிய்த்துவிடும் என்று புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதியிருக்கிறார்.

நார்ஸ் கதைகள் நமக்கு எப்படித் தெரியும்?

முக்கியமாக ஐஸ்லாந்தில் எழுதிய இரண்டு நூல்கள் வழியாக. ஒன்று, ஸ்னோரி ஸ்டர்லுசன் 1220 வாக்கில் எழுதிய உரைநடை எட்டா. இன்னொன்று, பழைய பாடல்களின் தொகுப்பான கவிதை எட்டா. அதன் முதன்மை ஏடு 1270களில் எழுதப்பட்டது. நீண்டகாலம் டென்மார்க் அரச நூலகத்தில் இருந்தது, 1971இல் ஐஸ்லாந்துக்குத் திரும்பியது.

இங்கே கவனம் தேவை. ஐஸ்லாந்து கிறிஸ்தவத்தை ஏற்றது கி.பி. 1000 வாக்கில். ஸ்னோரி கிறிஸ்தவர், பழைய வழிபாடு நின்று இருநூறு ஆண்டுக்குப் பின் எழுதுகிறார். சிதறிக் கிடந்ததை ஒழுங்குபடுத்த ஆசைப்பட்டவர் அவர். அவர் மட்டும் சொல்வதையும் பழைய பாடல்கள் சொல்வதையும் பிரித்துப் படித்தால் குழப்பம் பாதி தீரும். ஆனாலும் அவர் இல்லாவிட்டால் இந்தக் கதைகளில் பெரும்பகுதி நம் கைக்கு வந்திருக்காது.

அஸ்கார்ட் எங்கே இருக்கிறது?

வரைபடத்தில் குறிக்கக்கூடிய ஒரு மலை இதற்கு இல்லை. ஈமிர் என்ற ஆதி அரக்கனைக் கொன்று, அவன் உடலால், நார்ஸ் தேவர்களின் தலைவன் ஒடினும் அவன் சகோதரர்களும் உலகத்தைச் செய்கிறார்கள். மண்டையோடு வானம், இரத்தம் கடல், எலும்பு மலை. மனிதர் வாழும் மிட்கார்டைச் சுற்றி அரக்கனின் புருவத்தால் வேலி. தேவர்களின் ஊர் அஸ்கார்ட். அங்கிருந்து கீழே வர பிஃப்ரோஸ்ட் என்ற பாலம், ஸ்னோரி அதை வானவில் என்கிறார். தேவர்கள் தினமும் குதிரையில் யக்ட்ரசில் என்ற உலக மரத்தடிக்குப் போய்த் தீர்ப்புச் சொல்வார்கள். தோர் மட்டும் பாலத்தில் போகாமல் ஆறுகளில் இறங்கி நடந்தே போவான்.

அஸ்கார்டில் முதலில் கண்ணில் படுவது மதில். வானிர் என்ற இன்னொரு தேவர் கூட்டத்துடன் நடந்த போரில் பழைய மதில் உடைந்ததாக ஒரு பாடல் சொல்கிறது. மதில் கட்டிய கதையை ஸ்னோரி விரிவாகச் சொல்கிறார். ஒரு கொத்தன் வந்து கட்டித்தருகிறேன் என்கிறான். கூலியாகக் கேட்பது ஃப்ரேயா தேவியையும் சூரியனையும் சந்திரனையும். ஒரே குளிர்காலத்தில் முடிக்க வேண்டும், ஆள் துணை கூடாது, குதிரை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று தேவர்களோடு இருக்கும் தந்திரக்காரன் லோக்கியின் யோசனைப்படி ஒப்பந்தம் ஆகிறது. அந்தக் குதிரை ஸ்வாடில்ஃபாரி மலை மலையாகக் கல் இழுக்கிறது. மூன்று நாள் மிச்சம் இருக்கையில் வேலை முடியப் போகிறது. லோக்கி பெண்குதிரையாக மாறி அந்தக் குதிரையைக் காட்டுக்குள் இழுத்துப்போகிறான். வேலை நிற்கிறது. கொத்தன் கோபத்தில் அரக்கன் என்று தெரியவர, தோர் அவன் தலையை உடைக்கிறான். லோக்கி ஈன்ற குட்டிதான் ஒடினின் எட்டுக்கால் குதிரை ஸ்லெய்ப்னிர்.

கதை வேடிக்கையாக இருக்கும். ஆனால் பழைய பாடல், அன்று சத்தியங்கள் முறிந்தன, உறுதிமொழிகள் முறிந்தன என்று கனமாகச் சொல்கிறது. ஸ்டிக்ஸ் சத்தியத்தை மீறிய கிரேக்க தேவன் பத்தாம் வருடம் வீடு திரும்பலாம். நார்ஸ் தேவர்கள் சத்தியத்தை முறித்தே தங்கள் மதிலைப் பெற்றார்கள், அந்தக் கடன் தீரவே இல்லை. இரண்டு மரபுக்கும் உள்ள பெரிய வித்தியாசமாக நான் பார்ப்பது இதைத்தான்.

ஒன்பது உலகங்கள் எவை?

ஒன்பது உலகங்கள் உண்டு என்று பாடல்கள் சொல்கின்றன. எவை என்ற பட்டியலை எந்தப் பழைய நூலும் தரவில்லை. இணையத்தில் நீங்கள் பார்க்கும் அழகான வரைபடங்கள் எல்லாம் பின்னால் வந்தவர்கள் கோத்தவை.

அஸ்கார்டில் யாருக்கு எந்த வீடு?

இதற்குத்தான் கிரிம்னிஸ்மால் என்ற பாடல் இருக்கிறது. மாறுவேடத்தில் வந்த ஒடினை ஓர் அரசன் இரண்டு நெருப்புக்கு நடுவே எட்டு இரவு கட்டிவைக்கிறான். ஒடின் அங்கிருந்தபடியே தேவர்களின் வீடுகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறான். தோருக்கு 540 அறை கொண்ட பில்ஸ்கிர்னிர். பால்டருக்குக் கேடு எதுவும் நெருங்காத பிரெய்டாபிலிக். பாலத்தின் தலைமாட்டில் காவல்காரன் ஹெய்ம்டாலின் ஹிமின்பியோர்க். வழக்குத் தீர்க்கும் ஃபோர்செட்டிக்குப் பொன் தூணும் வெள்ளிக் கூரையும் கொண்ட கிளிட்னிர். ஃப்ரேயாவின் சகோதரன் ஃப்ரேக்குப் பல் முளைத்ததற்குப் பரிசாகக் கிடைத்தது ஆல்ஃப்ஹெய்ம்.

வீடு ஒரு திருமணத்தையே உடைத்த கதையும் உண்டு. கடலோர நோவாட்டூனில் இருப்பவன் நியோர்ட், கப்பலுக்கும் மீன்பிடிப்புக்கும் உரியவன். மலையில் பனிச்சறுக்கு மரத்தில் போய் வேட்டையாடுகிறவள் ஸ்காடி. ஒன்பது இரவு மலையில் இருந்துவிட்டு நியோர்ட் அலுத்துப்போகிறான்: ஓநாய் ஊளை சகிக்கவில்லை, அன்னத்தின் குரலே தேவலாம் என்கிறான். அவளுக்கோ கடலோரத்தில் பறவைச் சத்தத்தில் தூக்கமே வரவில்லை. கடைசியில் அவரவர் வீட்டுக்கு அவரவர் போய்விட்டார்கள். யார் மேலும் தப்பு இல்லை, அதுதான் இந்தக் கதையை உண்மையாக்குகிறது.

ஒடினுக்கு ஹ்லிட்ஸ்கியால்ஃப் என்ற உயர்ந்த ஆசனம் உண்டு, அதிலிருந்து எல்லா உலகமும் தெரியும். ஒருநாள் ஃப்ரே அதில் உட்கார்ந்து, அரக்கர் நாட்டில் கெர்ட் என்ற பெண்ணைப் பார்த்து மயங்கிவிடுகிறான். அவளைக் கேட்டுவரத் தூது போனவனுக்குத் தன் வாளைக் கொடுத்துவிடுகிறான். கடைசிப் போரில் அந்த வாள் இல்லாமல்தான் சாகிறான்.

வல்ஹல்லா நார்ஸ் சொர்க்கமா?

ஒடினின் கூடமான அதைச் சொர்க்கம் என்று சொல்வதைவிடப் படைமுகாம் என்று சொல்லலாம். ஈட்டிகள் உத்தரம், கேடயங்கள் கூரை. போரில் விழுந்தவர்களில் பாதியை ஒடின் எடுத்துக்கொள்கிறான். மறுபாதி ஃப்ரேயாவின் ஃபோல்க்வாங்குக்குப் போகிறது, இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வீரர்கள் தினமும் வெளியே போய் வெட்டிக்கொள்வார்கள், மாலையில் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். தினமும் சமைத்தாலும் மறுநாள் முழுதாக இருக்கும் சாஹ்ரிம்னிர் பன்றி, மதுவைச் சுரக்கும் ஹெய்ட்ரூன் ஆடு. ஒடின் சாப்பிடுவதில்லை. தன் பங்கை கெரி, ஃப்ரெக்கி என்ற இரண்டு ஓநாய்களுக்குப் போட்டுவிட்டுத் திராட்சை மது மட்டும் குடிப்பான்.

540 வாசல், கடைசி நாளில் வாசலுக்கு 800 பேர் வெளியேறுவார்கள் என்பது பாடல் கணக்கு. பெருக்கினால் 4,32,000 வரும். கலியுக ஆண்டுக் கணக்கும் அதேதான் என்று சிலர் இரண்டையும் முடிச்சுப் போடுகிறார்கள். அந்தக் கால நார்ஸ் மக்கள் நூறு என்றால் பல நேரம் 120 என்று எண்ணியவர்கள். அப்படி எண்ணினால் 640 வாசல், 960 பேர், மொத்தம் 6,14,400 ஆகிவிடும். தற்செயல் என்று விட்டுவிடுவதே நல்லது.

இவ்வளவு பேரையும் ஒடின் எதற்குச் சேர்க்கிறான்? ராக்னராக் என்ற கடைசிப் போருக்கு. வல்ஹல்லாவின் விருந்து மகிழ்ச்சிக்காக மட்டும் நடப்பதல்ல, பயத்தாலும் நடப்பது.

அப்படியானால் ஹெல் என்பது நரகமா?

நோயிலும் முதுமையிலும் செத்தவர்கள் போகும் இடம், ஆளும் லோக்கியின் மகளுக்கும் அதே பெயர். ஸ்னோரி அவள் வீட்டைப் பயங்கரமாகக் காட்டுகிறார்: தட்டின் பெயர் பசி, கத்தியின் பெயர் பஞ்சம். பழைய பாடலிலோ, பால்டர் வரப்போகிறான் என்று அங்கே பொன் விரித்து மது காய்ச்சி வைத்திருக்கிறார்கள். தேவர்களில் எல்லாரும் நேசித்தவனே அங்கேதான் போகிறான். கொலைகாரர்களுக்கும் சத்தியம் தவறியவர்களுக்கும் நாஸ்ட்ரோண்ட் என்ற கரையில் பாம்பு முதுகால் பின்னிய கூடம் தனியாக இருக்கிறது.

ஒடினும் ஜீயஸும் ஒரே மாதிரிதானே?

தலைவர்கள் என்பதைத் தவிர ஒற்றுமை குறைவு. ஜீயஸ் தன் தந்தையின் தலைமுறையை வென்று, பங்கு பிரித்து, அமர்ந்துவிட்டவன். ஒடின் அமர்வதே இல்லை. அறிவுக்காக மிமிரின் ஊற்றில் ஒரு கண்ணைக் கொடுத்தான். ரூன் எழுத்துகளின் இரகசியத்துக்காக ஒன்பது இரவு மரத்தில் தொங்கினான், தன்னைத் தனக்கே பலியாக. வேடம் மாற்றி ஊர் ஊராக அலைகிறான். முடிவு என்ன என்று தெரிந்தும், இன்னும் ஏதாவது தெரிந்துகொள்ள முடியுமா என்று தேடுகிறான்.

ரோமானியர்களே ஒடினை ஜீயஸுக்கு இணையாக வைக்கவில்லை, புதனோடு சேர்த்தார்கள். அவர்கள் ஜீயஸுக்கு இணையாக வைத்தது வியாழனை (ஜூபிடர்), அந்த வியாழனுக்கு இடி உடைய தோர்தான் இணையானான். போர்த் தேவன் டிர் செவ்வாய்க்கு, ஒடினின் மனைவி ஃப்ரிக் வெள்ளிக்கு. வட ஐரோப்பிய மொழிகளின் கிழமைப் பெயர்கள் இப்படி அமைந்தவை. கிரகங்களின் பெயரில் கிழமை வைக்கும் இந்த முறை கிரேக்க சோதிடம் வழியாக இந்தியாவுக்கும் வந்தது. அதனால் நம் வியாழக்கிழமையும் அங்கே தோரின் நாளும் ஒரே நாள்.

தேவர்கள் சாவார்களா?

கிரேக்க தேவர்கள் சாக மாட்டார்கள், ஆனால் வலி உண்டு. டயோமிடிஸ் என்ற மனிதன் அஃப்ரோடைட்டியின் கையைக் குத்த, இரத்தத்துக்குப் பதில் இக்கோர் என்ற திரவம் வழிகிறது. ஏரிஸை இரண்டு ராட்சதச் சகோதரர்கள் வெண்கல ஜாடியில் பதின்மூன்று மாதம் அடைத்துவைத்திருந்தார்கள், ஹெர்மிஸ் மீட்காவிட்டால் அவனே அழிந்திருப்பான் என்கிறது இலியட். விதி மட்டும் அவர்களுக்கும் மேலே நிற்கிறது. தன் மகன் சர்ப்பிடான் சாகப்போகிறான் என்று தெரிந்து ஜீயஸ் தவிக்கிறான். ஹீரா, நீ உன் மகனைக் காப்பாற்றினால் மற்ற தேவர்களும் கேட்பார்கள் என்கிறாள். ஜீயஸ் இரத்தத் துளிகளை மழையாகப் பொழிந்து, மகனைப் போகவிடுகிறான்.

நார்ஸ் தேவர்களுக்கு இளமையே இடூன் என்ற தேவியின் ஆப்பிளால் வருவது. அவளைக் கடத்திக்கொண்டு போனபோது எல்லாரும் நரைத்துப்போனார்கள். ராக்னராக்கில் ஒடினை ஃபென்ரிர் ஓநாய் விழுங்கும். தோர் உலகப் பாம்பைக் கொல்வான், அதன் விஷத்தில் ஒன்பது அடி நடந்து விழுவான். ஹெய்ம்டாலும் லோக்கியும் ஒருவரை ஒருவர் முடிப்பார்கள். பூமி கடலில் மூழ்கி மறுபடி பச்சையாக எழும்பும். பால்டர் திரும்பி வருவான். மிஞ்சியவர்கள் இடாவோல் என்ற வெளியில் கூடும்போது, முன்பு தேவர்கள் விளையாடிய பொற்காய்கள் புல்லில் கிடைக்கும்.

நார்ஸ் மக்கள் கோயில் கட்டினார்களா?

ஸ்வீடனின் உப்சாலாவில் பொன் வேய்ந்த கோயில் இருந்தது, நடுவில் தோர், இரு பக்கமும் ஒடினும் ஃப்ரேயும் என்று ஜெர்மானியப் பாதிரியார் ஆடம் 1070களில் எழுதினார். அவர் நேரில் போனவர் அல்ல. அகழாய்வில் பெரிய மரக்கூடமும் மன்னர் மேடுகளும் தெரிகின்றன, அவர் சொன்ன பொன் கோயில் கிடைக்கவில்லை. பொதுவாகத் தலைவனின் கூடத்தில் விருந்தோடும், தோப்பிலும், நீர்நிலை ஓரத்திலும் வழிபாடு நடந்தது. டென்மார்க்கின் ஓடென்ஸ நகரம் ஒடினின் பெயரையும், ஃபேரோ தீவுகளின் டோர்ஸ்ஹாவ்ன் தோரின் பெயரையும் சுமக்கின்றன. தோரின் சுத்தியல் வடிவத் தாயத்துகள் நிறையக் கிடைக்கின்றன.

ஐஸ்லாந்தின் ஹெல்காஃபெல் குன்றைப் பற்றி சாகா எனப்படும் பழைய ஐஸ்லாந்து உரைநடைக் கதை ஒன்று சொல்வது: தோரோல்ஃப் என்ற குடியேறி, கப்பலிலிருந்து தோரின் உருவம் செதுக்கிய தூண்களைக் கடலில் போட்டு, அவை ஒதுங்கிய இடத்தில் குடியேறினான். முகம் கழுவாமல் யாரும் அந்தக் குன்றைப் பார்க்கக்கூடாது. செத்தபின் தானும் தன் உறவினரும் அந்தக் குன்றுக்குள்தான் போவோம் என்று நம்பினான். வல்ஹல்லாவைவிட இது ஒரு விவசாயிக்கு நெருக்கமாக இருந்திருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

தோரும் இந்திரனும் ஒருவர்தானா?

ஒருவர் அல்ல, ஆனால் உறவு இருக்கலாம். இருவரும் இடி ஆயுதம் ஏந்துகிறவர்கள், நிறையக் குடிக்கிறவர்கள், பெரும் பாம்போடு மோதுகிறவர்கள். இந்தோ-ஐரோப்பிய மொழி பேசிய மூதாதையரின் பொதுக் கதை ஒன்றிலிருந்து கிளைத்தவை என்பது பல ஆய்வாளர்களின் கருத்து. ஜீயஸ் பாம்புத் தலைகள் கொண்ட டைஃபான் என்ற அரக்கனை வென்ற கதையையும் இதே வரிசையில் வைப்பார்கள். தேர், சோமம், மழை எல்லாம் இந்திரனுக்கு உரிய தனி உலகம், அதைத் தோரின் மேல் ஏற்ற வேண்டாம்.

இன்று இவர்களை யாராவது வழிபடுகிறார்களா?

ஆம். ஐஸ்லாந்தில் கவிஞரும் விவசாயியுமான ஸ்வெய்ன்பியோர்ன் பெய்ன்டெய்ன்சன் முன்னின்று 1972இல் பழைய நார்ஸ் வழிபாட்டுக்கான ஆசாட்ரூ சங்கத்தைத் தொடங்கினார், 1973இல் அரசு அங்கீகரித்தது. திருமணம், பெயர்சூட்டல், இறுதிச் சடங்கு எல்லாம் நடத்துகிறார்கள். ரெய்க்யாவிக்கில் கோயில் கட்டும் வேலையையும் தொடங்கினார்கள். கிரேக்கத்தில் பழைய சமயத்தைப் பின்பற்றும் குழுவுக்கு 2017இல் அரசு அங்கீகாரம் கிடைத்தது. ஒலிம்பஸ் அடிவாரத்தில் அவர்களின் விழாக்கள் நடக்கின்றன.